அண்ணன் சொன்ன குவைத்

என் அண்ணன் குவைத்திலிருந்து முதல் லீவில் வந்திருந்த நாட்களில் வாயைத் திறந்தால் ஒரே பேச்சுத்தான். அங்கே அப்படி, இங்கே இப்படி. அங்கே கரண்ட் போகாது. அங்கே ரோட்டில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அங்கே குழாயைத் திறந்தால் எந்த நேரமும் தண்ணீர், அதுவும் கடல்தண்ணீரை மெஷினுக்குள் விட்டு உப்பை எடுத்த தண்ணீர். கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் கிடக்கும், ஆனால் குடிக்க ஒரு குடம் பிடிக்க விடியற்காலையில் குழாயடியில் அடிதடி நடக்கும். அதனால் தண்ணீர்க் கதையை மட்டும் நான் எதிர்த்துப் பேசவில்லை. மற்றதில் ஒன்றைக்கூட நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. அவன் கதை சொன்னது எனக்கு அல்ல, என் வீட்டுக்காரருக்கு. அவரைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தான். விசா தயார் என்றான். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: யூனியன் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கார்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பஜாரில் அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் தலையில் சுமக்கிறவர். என் அப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இதே துறையில் அதே வேலைதான் செய்தார். அப்பா காலத்தில் கார்டு கிடையாது. கங்காணி ஒரு பிடி தகர வில்லையை எடுத்துக் கூட்டத்துக்குள் வீசுவான். பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை. பிடிக்காதவன் வீட்டுக்கு நடக்க வேண்டியது. அந்தத் தள்ளுமுள்ளில் அப்பாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று. பிறகு சண்டை போட்டு யூனியன் வந்தது, கார்டு வந்தது. கார்டு உள்ளவனை எந்த முதலாளியும் வெளியே நிறுத்த முடியாது. கார்டு இல்லாதவன் மூட்டையைத் தொட முடியாது. ஒரு தடவை விட்டுக் கொடுத்தால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. குடித்துவிட்டுக் கார்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் பெண்டாட்டிகள் யூனியன் ஆபீசில் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுததால், எங்கள் யூனியனில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கார்டை விடுகிறவன் பெண்டாட்டியோடு வர வேண்டும். அவள் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் கார்டை வாங்க மாட்டார்கள்.

ஆக, அண்ணன் அவரைச் சம்மதிக்க வைத்தால் போதாது. என்னையும் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சோறு போட்டுச் சாப்பிடுகிற ரோடும் கடல்தண்ணீரும்.

குவைத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் அதே பஜார் தெருவில் ஒரு குடோனில் சுக்கு தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து, முழுசாக, வெளுப்பாக, பூச்சி படாததாக இருப்பதை ஒரு பக்கம் போடுவோம். அது கப்பலுக்கு. மூட்டையில் அந்த நாட்டுத் துறைமுகத்தின் பெயரை மையால் அடிப்பார்கள். உடைந்தது, சுருங்கியது, தூசி, இதெல்லாம் இன்னொரு பக்கம். அது நமக்கு. எங்கள் வீட்டில் சுக்குக் காப்பி போட்டால் அந்தத் தூசியில்தான் போடுவோம். அந்த நாட்டுக்காரன் மண்ணில் ஒரு புல் முளைக்காதாம், ஆனால் முதல் தரமெல்லாம் அவனுக்கு. நம் மண்ணில் விளையாத பண்டம் கிடையாது, ஆனால் நமக்குக் கழிவு. இதை அண்ணன் வளர்ச்சி என்று சொன்னான். எனக்கு அது யாரோ யாரையோ ஏமாற்றுவது போலத்தான் பட்டது. யார் யாரை என்று மட்டும் பிடிபடவில்லை.

வருவதற்கு முன் இரண்டு வருஷமாக அண்ணன் கடிதம் எழுதவில்லை, கேசட் அனுப்பினான். அப்போது குவைத்துக்குப் போன எல்லாரும் அப்படித்தான். பேசிப் பதிவு செய்து, லீவுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து விடுவார்கள். பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரில் போட்டுத் தெருவே உட்கார்ந்து கேட்கும். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா? நான் இங்க சுகமா இருக்கேன், தனி ரூம், ஏசி" என்று ஆரம்பிப்பான். அவன் பேசுவதை விட அவனுக்குப் பின்னால் கேட்பதைத்தான் நான் கவனிப்பேன். ஒருத்தன் இருமுவான். ஒருத்தன் மலையாளத்தில் உப்பு எங்கே என்று கேட்பான். ஒருத்தன் தெலுங்கு மாதிரி ஏதோ பேசுவான். தனி ரூமில் குறைந்தது ஆறு பேர். இத்தனை கேசட் வந்தும் அந்த நாட்டுக்காரன் குரல் ஒன்றுகூட அதில் இல்லை. அந்த நாட்டில் அந்த நாட்டுக்காரன் எங்கே போனான் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அவன் வந்த பிறகு ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டேன். அண்ணன் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஊர்க்காரன் வீட்டுக்குள்ள நீ போயிருக்கியா அண்ணே?"

"அவங்க அப்படியெல்லாம் கூப்பிடுறதில்ல."

"ரெண்டு வருசத்துல ஒருக்காகூடவா?"

"ஒருக்கா ஏசி மெஷின் இறக்கி வைக்கப் போனேன். அடுக்களை வரைக்கும். ஏட்டி, அந்த அடுக்களைக்குள்ள உன் வீடு மாதிரி நாலு வீட்ட வச்சிரலாம்."

"அதுல யாரு சமைக்கா?"

"சிலோன்காரி ஒருத்தி."

"அவ வீடு எங்க?"

"எனக்கு என்னட்டி தெரியும்? நான் என்ன அவ வீட்டுக்குப் பொண்ணு கேட்டா போனேன்?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணன் என்ன சொன்னாலும் அவர் சிரிப்பார், தலையாட்டுவார். எனக்கு அது இன்னும் எரிச்சல்.

"உன் பாஸ்போர்ட்டு யாருகிட்ட இருக்கு?" என்றேன்.

"இப்ப என்கிட்ட. போனதும் ஆபீஸ்ல வாங்கி வச்சிக்குவாங்க. பத்திரமா இருக்கும்."

"யாருக்குப் பத்திரம்?"

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. டம்ளரைத் தரையில் வைத்தான். "சரி, இங்க என்ன இருக்கு, நீ சொல்லு. ஒரு நாள் பஸ்சு ஓடுனா மறுநாள் பந்த்து, கடையடைப்பு. லைட்டு போனா மண்ணெண்ண, மண்ணெண்ணைக்கு ரேஷன் கடையில வரிசை. கல்யாணமாகி எட்டு வருசம், இன்னும் இந்த ஒத்த ரூமு."

"இங்க உடம்புக்கு முடியலன்னா ஆஸ்பத்திரி சும்மா பாப்பாங்க. முதலாளி எடையைக் கொறச்சுப் போட்டா நாங்க முப்பது பேரும் எந்திரிச்சு நிப்போம். நீ அங்க உன் முதலாளிகிட்ட சத்தம் போடுவியா?"

"எதுக்குச் சத்தம் போடணும்? அங்க எல்லாம் முறையா நடக்கும்."

"முறையா நடக்கலன்னா?"

அண்ணன் வேறு பக்கம் அடித்தான். "ஆஸ்பத்திரி சும்மா பாக்கும், சரி. நீ பிள்ள பெத்துட்டு மூணு நாள் எங்க கெடந்த? வராந்தாவுல, தரையில, பாய் விரிச்சு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. தலைமாட்டில் நாய் ஒன்று படுத்திருந்தது. டாக்டர் நல்லவர்தான், என்னைத் தாண்டித் தாண்டிப் போவார். அண்ணன் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால் எனக்கு ஆத்திரம் அதிகமானது. "நாயாவது பக்கத்துல இருந்துச்சு" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒற்றை ரூமில் உள்ளே எங்கே போவது? அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

அண்ணன் அவரிடம் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தான். "அங்க மூட்டைய மனுசன் தொடுறதில்ல மச்சான். ஒரு வண்டி வரும், முன்னால ரெண்டு கம்பிய நீட்டிக்கிட்டு. அடியில விட்டு அலாக்கா தூக்கிரும்."

நான் திரும்பாமலே கேட்டேன். "மெஷினு தூக்குதுன்னா இவர எதுக்குக் கூப்பிடுறான்?"

"மச்சானுக்கு ஸ்டோர்ல வேலை. வர்றது போறத பாத்துக்கிட்டு ஒரு சேர்ல உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

"உக்காந்திருக்கிறதுக்கா?"

"ஆமா."

"அதுக்குக் கூலியா?"

"கூலி இல்லட்டி. சம்பளம்."

இங்கேதான் என் சந்தேகம் முற்றிப் போனது. எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து சம்பாதித்ததில்லை. நான் உட்கார்ந்துதான் சுக்கு பிரிக்கிறேன், ஆனால் கை நிற்பதில்லை, கை நின்றால் மேஸ்திரியின் வாய் திறக்கும். ஒரு மனுஷனை ஆகாயத்தில் ஏற்றிக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துக் காசு கொடுக்கிறவன் இந்த உலகத்தில் கிடையாது. ஆள் பிடித்துக் கொடுத்தால் அண்ணனுக்கு அங்கே ஏதோ சலுகை கிடைக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். கூடப்பிறந்தவனைப் பற்றி அப்படி நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் குடோனில் பக்கத்தில் உட்காருகிறவளிடமும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது, அது வேறு சந்தேகம். சில மாதங்களாக வாரம் இரண்டு தடவை வேலை முடிந்து சுள்ளிக்கல் பக்கம் போய்விட்டு வருவார். எங்கே என்றால் "சும்மா" என்பார். உடம்பில் தைல வாசனை அடிக்கும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வந்து வைக்கிறவர், இப்போது தொடுவதில்லை. கேட்டால் "நாள் முழுக்கத் தூக்குறது பத்தாதா?" என்று சீறுவார். சுள்ளிக்கலில் யார் யார் வீடு இருக்கிறது என்று எனக்குள் ஒரு பட்டியலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் குவைத்துக்குத் துடிப்பதே என்னை விட்டு ஓடத்தானோ என்றுகூடத் தோன்றியது. போகப்போகிறவர் அந்த நாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. வெயில் எப்படி, சோறு எப்படி, ஒன்றும் இல்லை. எல்லாக் கேள்வியும் நான்தான் கேட்டேன்.

அண்ணன் திரும்பிப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் மூன்று பேரும் யூனியன் ஆபீசுக்குப் போனோம். ஒரு அரிசிக் குடோனின் மாடியில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, கொடி, கரும்பலகை. யூனியனை நடத்துகிற கன்வீனர் மலையாளி. அவரும் மூட்டை தூக்குகிறவர்தான், என் வீட்டுக்காரர் இருந்த பன்னிரண்டு பேர் கூட்டத்திலேயே ஒருவர். தலையில் சும்மாட்டுத் துணியை அவிழ்க்காமலே வந்து உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் கார்டை எடுத்து மேசையில் வைத்தார்.

கன்வீனர் என்னைப் பார்த்தார். "சேச்சி பறயணும். சம்மதமாணோ, இல்லயோ?"

"இல்ல" என்றேன்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏட்டி, இம்புட்டு நாள் நாயா கத்துனேனே!"

"நீங்களே சொல்லுங்க சேட்டா" என்று நான் கன்வீனரிடம் ஆரம்பித்தேன். "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்கானாம். இதுல ஏதோ இருக்கு. என்கிட்ட எதையோ மறைக்காங்க."

கன்வீனர் என் வீட்டுக்காரர் பக்கம் மெல்லத் திரும்பினார். "எடா, நீ இவளோடு ஒண்ணும் பறஞ்ஞில்லே?"

என் வீட்டுக்காரர் கார்டைக் கன்வீனர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

பிறகு கன்வீனர்தான் சொன்னார். ஏழு மாதமாக என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கவில்லை. போன மழைக்காலத்தில் வள்ளத்திலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் அரிசி மூட்டையோடு வழுக்கி விழுந்து முதுகெலும்பு விலகிவிட்டது. சுள்ளிக்கலில் ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார். மற்றப் பதினொரு பேரும் அவர் பங்கையும் சேர்த்துத் தூக்கி, கூலியைப் பன்னிரண்டாகவே பங்கு வைத்தார்கள். இவர் குடோனின் பின்பக்கம் கோணி ஊசி வைத்துக் கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருப்பார். முதலாளியின் ஆள் எட்டிப் பார்க்க வருகிறான் என்று தெரிந்தால், ஒரு சாக்கில் வைக்கோலை அடைத்து இவர் தலையில் வைத்து, வரிசைக்கு நடுவில் நடக்க விடுவார்கள். முன்னால் போகிறவன் நூறு கிலோவோடு முக்குவான், பின்னால் வருகிறவன் முக்குவான், நடுவில் இவரும் வைக்கோலைச் சுமந்துகொண்டு முக்குவாராம். இதைச் சொல்லும்போது கன்வீனருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. நான் நாலு கதவு தள்ளி உட்கார்ந்து சுக்கு பிரித்துக்கொண்டிருந்தேன். பஜார் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் தணிந்த குரலில் சொன்னான். "எனக்கு லெட்டர் போட்டுச் சொன்னாரு. அதான் அலஞ்சு திரிஞ்சு ஒரு உக்கார்ற வேலையாப் பாத்தேன். போறதுக்கு முன்னால பம்பாய்ல உடம்பப் பாக்குற மெடிக்கல்ல நெஞ்சத்தான் படம் புடிப்பாங்க, முதுக எடுக்க மாட்டாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அவனிடம் நான் என்ன சொல்வது? குவைத்தைப் பற்றி அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நாற்காலியும் நிஜம், சம்பளமும் நிஜம். தனி ரூம் ஒன்றுதான் பொய், அது எல்லாரும் சொல்கிற பொய். நான் அவனைத் தரகன் என்று குடோன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் என் வீட்டுக்காரரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. கன்வீனர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். மூச்சு வாங்கிய பிறகு அண்ணனிடம் கேட்டேன்.

"அங்க போயி இவருக்கு இன்னும் மோசமாயி, சேர்ல உக்காரவும் முடியலன்னா என்ன செய்வாங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லு."

"ஊருக்கு அனுப்பிருவாங்க" என்றான் அண்ணன். "நல்ல கம்பெனிட்டி. டிக்கெட்டு அவங்களே எடுத்துக் குடுப்பாங்க."

அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான். நிறையக் கம்பெனிகளில் அதுகூடக் கிடையாதாம்.

நான் கன்வீனர் பக்கம் திரும்பினேன். இந்தப் பக்கத்தையும் நான் சும்மா விடுவதாக இல்லை. "நீங்க எத்தன நாளைக்கு இவருக்கும் சேத்துத் தூக்குவீங்க?"

அவர் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அது சொல்லான் முடியில்ல சேச்சி. இப்பவே ரெண்டு பேரு முறுமுறுப்பாணு. நாளைக்கு அந்த மெஷின் இவிடேயும் வந்நால், எல்லாரும் வீட்டிலிரிக்கும்." மேசையைத் தட்டினார். "ஆனா, கார்டு உண்டெங்கில், சேச்சிக்கு வந்து சண்டை போட இந்த மேசை உண்டு."

அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. அதனால்தான் நம்பினேன். மேசையிலிருந்த கார்டை எடுத்து வீட்டுக்காரர் சட்டைப் பையில் போட்டேன். "சம்மதமில்ல" என்று இன்னொரு தடவை சொன்னேன். அவர் தடுக்கவில்லை. சந்தோஷப்பட்டாரா என்று கேட்டால், இல்லை. குவைத்தில் ஒரு நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. நான் அவரை மறுபடியும் கோணி ஊசிக்கு அனுப்பினேன்.

இறங்கி வரும்போது அண்ணன் முன்னால் வேகமாகப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் பஜார் வழியாக நடந்தோம். அவர் ஒவ்வொரு படியிலும் சுவரைப் பிடித்து இறங்கியது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கல."

"நானா? நான் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கா?"

"எல்லாம் உங்க அண்ணன்கிட்டதான கேட்ட. குவைத்துல அடுக்களை எப்படி, ஆபீசு எப்படின்னு. என் முதுகு எப்படின்னு கேட்டியா?"

"நீங்க தைல வாசனையோட வந்தா, நான் என்னன்னு நெனைக்க?"

"என்னன்னு நெனச்ச?"

சொன்னேன். அவர் நடுத்தெருவில் நின்று சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டு, ஒரு மிளகுக் கடை வாசலில் பத்து நிமிஷம் உட்கார வைத்துத்தான் கூட்டி வந்தேன்.

பின்னால் நடந்ததையும் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. முறுமுறுத்த இரண்டு பேரில் ஒருவன் ஒரு வருஷத்தில் வெளிப்படையாகவே சண்டைக்கு வந்தான். நான் அந்த மேசைக்கு மூன்று தடவை போய்க் கத்தினேன். கடைசியில் சாக்குத் தைப்பது ஒரு வேலைதான் என்று யூனியன் எழுதி வைத்தது, அவர் பங்கு கொஞ்சம் குறைந்தது. அண்ணன் சுள்ளிக்கலில் மாடி வைத்து வீடு கட்டினான். அவன் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். என் மகள் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் படித்தாள், இன்றைக்கும் அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். எது மேல் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்கிறவர்களில் அநேகம் பேருக்கு முதுகு நன்றாக இருக்கிறது.

அண்ணன் புறப்பட்ட காலை, பம்பாய் ரயிலைப் பிடிக்க எர்ணாகுளம் போகிற மோட்டார் போட்டுக்காகப் படகுத்துறையில் நின்றோம். பெட்டியை என் தலையில்தான் வைத்துக் கொண்டுவந்தேன். அவன் ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. போட்டு கரையில் ஒட்டிய பிறகு நானே பேசினேன். தரகன் என்று ஊர் முழுக்கச் சொன்னதை ஒத்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றான். "குடோன்காரி ஒருத்தி என்கிட்டயே வந்து, தன் தம்பிக்கு விசா கெடைக்குமான்னு கேட்டா."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெட்டியை இறக்கி அவன் கையில் கொடுத்தேன். "உனக்கு முதுகு போனா என்ன செய்வ அண்ணே?"

"எனக்கா?" போட்டில் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். "டிக்கெட்டு குடுப்பாங்கல்ல? நேரா உன் வீட்டுக்குத்தான் வருவேன்."

"வா" என்றேன். "ஆனா அந்த நாட்டப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."